அழுது பாடுதல் இழிவாமோ?

ஆண்மகன் அழலாகாது என்பது நம் நாட்டில் தாய்மாரே தம் மைந்தர்க்குக் கற்பிக்கும் முதற்பாடங்களுள் ஒன்று. அப்பாடத்தை யானும் பழுதறக் கற்றவன். நம் கலாசாலையை விட்டு நீங்கி, ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளனாய் அமர்ந்து ஆண்டு சில கழிந்தபின், அப்பாடம் பிழையுடைத்து என்பதை ஓர் அயல்நாட்டுப் பாட்டினால் அறிந்தேன். அதனை இளைய மாணாக்கர்க்கு எடுத்துரைத்தல் கடனெனக் கருதி இச்சிறு வியாசத்தை எழுதலானேன்.

இராமாநுசர் பிறந்த தலமாகிய ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் இன்று ஆலைகளே நிரை நிரையாய் நிற்கின்றன. 2010-ஆம் ஆண்டில் அங்கே ரெனோ, நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. யமஹா, கொமாட்சு முதலிய ஜப்பானிய நிறுவனங்களும் அவ்வட்டாரத்தில் ஆலை அமைத்தன. அவற்றை ஒட்டி ஜப்பானியர் தங்கும் விடுதிகளும் தோன்றின. தென்மாவட்டத்து இளைஞரும், பீகார், ஒடிசா, அஸ்ஸாம் நாட்டினரும் ஓர் அறையில் அறுவரும் எண்மருமாய்த் தங்கி ஷிப்டு வேலை பார்க்கின்றனர். ஊரை விட்டு வந்த துயரம் எல்லார்க்கும் பொது. அதை வெளியிட இடந்தான் இல்லை.

என் அன்னையார் காலமானபோது எனக்குக் கிடைத்த விடுமுறை மூன்று நாள். கிரியைகளை முடித்தேன்; கண் கலங்கவில்லை; நான்காம் நாள் வேலைக்குத் திரும்பினேன். "நெஞ்சுரமுடையவன்" என்று பலரும் புகழ்ந்தனர். அதன்பின் ஏழு மாதம் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை என்பதை ஒருவரும் அறியார்.

ஒரு சனிக்கிழமை இரவு, முதிய பொறியாளர் ஒருவரின் பிரிவுபசாரத்திற்காக ஜப்பானியர் விடுதி ஒன்றிற்குச் சென்றேன். பகலெல்லாம் முகத்தில் ஒரு சுருக்கமும் காட்டாத அப்பெரியவர், மைக்கைக் கையிலேந்தி, சென் மசாவோ என்பவர் 1977-ஆம் ஆண்டில் பாடிப் பெரும்புகழ் பெற்ற ‘கிதகுனி நோ ஹாரு’ (வடநாட்டு வசந்தம்) என்னும் பாட்டைப் பாடினார். நகரத்தில் உழைக்கும் மைந்தனுக்குக் கிராமத்துத் தாய் பொதி அனுப்புவது அப்பாட்டிற் காணும் செய்தி. பாடுகையிலேயே அவர் கண்ணீர் வடித்தார், ஒருவரும் நகைத்திலர். பின்னர், "நீரும் பாடும்" என்று மைக்கை என்னிடம் நீட்டினார். பொதி என்ற சொல்லைத் திரையிற் கண்டதும், மாதந்தோறும் பஸ்ஸில் வரும் பருப்புப்பொடி டப்பாவும், அதன்மேல் அம்மா தம் கையால் எழுதிய என் பெயரும் என் கண்முன் நின்றன. குரல் அடைத்தது, சிறுபிள்ளை போல் அழுதேன். இசைக்கருவியோ எனக்காக நில்லாமல் ஒலித்துக்கொண்டேயிருந்தது. அன்றிரவு உறங்கினேன்.

கரோக்கி என்பது வெறுமை எனப் பொருள்படும் ‘கரா’ என்ற சொல்லும் ஆர்க்கெஸ்ட்ரா என்பதன் குறுக்கமும் சேர்ந்தது. பாடகர் இல்லாத வாத்தியம் என்க. கோபே நகரத்து இனோவே தைசுகே 1971-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு கருவியை அமைத்தார், காப்புரிமை பெற்றாரல்லர். பாடகர்க்குரிய இடத்தை வெறுமையாய் விட்டு, "நீயே நிரப்புக" என்று அழைப்பதே இதன் சிறப்பு.

அழுவதற்குரிய பாட்டுக்களுள் மேலும் மூன்றைக் குறிப்பேன். முதலாவது, இசவா ஹச்சிரோ 1964-இல் பாடிய ‘ஆ உவேனோ எக்கி’. பள்ளி முடித்த நாட்டுப்புறச் சிறுவர் சிறுமியர் தனி ரயில்களில் தோக்கியோவின் உவேனோ நிலையத்தில் வந்திறங்கி வேலைக்கமர்ந்த காலத்தின் பாட்டு அது. அந்நிலையத்தருகே அதற்கு நினைவுக்கல்லும் உண்டு. இரண்டாவது, சகமோத்தோ கியூ 1961-இல் பாடிய ‘உவே ஓ முயிதே அருகோ’. கண்ணீர் சிந்தாதிருக்க அண்ணாந்து நடக்கும் ஒருவனைப் பற்றிய இப்பாட்டு, 1963-இல் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. 1985-ஆம் ஆண்டு விமான விபத்தில் அவர் மாண்டதை நினைந்து பாடுவோர்க்குத் துயரம் இருமடங்காம். மூன்றாவது, மிசோரா ஹிபாரி தம் வாழ்நாளின் இறுதி ஆண்டாகிய 1989-இல் வெளியிட்ட ‘கவா நோ நகரே நோ யோ நி’. வாழ்வை ஆற்றின் ஓட்டத்திற்கு ஒப்பிடும் இது, அழுதபின் ஆறுதற்கு உரியது. ஆதலின் கடைசியிற் பாடுக.

மொழி அறியாதார்க்கு இவை எங்ஙனம் பயன்படும் எனின், இசை அறிந்தோர் விடை காண்பர். இத்தகைய பாட்டுக்களிற் பெரிதும் பயிலும் ஐந்து சுர அமைப்பு ஒன்று நம் மோகனமே. மற்றொன்று, சிவரஞ்சனியில் தைவதத்தை மட்டும் ஒருபடி இறக்கியது. ‘கோபுஷி’ என்று அவர்கள் குரலை வளைப்பது நம் கமகத்திற்கு உறவு. ஆகவே நம் செவிக்கு இவை முற்றும் அயலல்ல.

இஃது ஆண்மைக்கு இழுக்கு என்பாரும், குடித்துக் கூச்சலிடுவார்க்குரிய வேடிக்கை என்பாரும் உளர். குடி வேறு, பாட்டு வேறு. நான் அன்று அருந்தியது தேநீரே. ஆண்மை பற்றியோவெனின், தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினுள் அழுகையையும் ஒன்றாக வைத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அதற்கு நிலைக்களமாம் என்றார். முன்னைய நிலை கெட்டு வருந்துதலே அசைவு. ஊரையும் உறவையும் விட்டு ஆலைக்கு வந்தவன் நிலைக்கு அதனினும் பொருத்தமான சொல் உண்டோ? துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி நெஞ்சைத் தூய்மை செய்யும் என்று அரிஸ்டாட்டிலும் கூறினார். நம் கிராமத்துப் பெண்டிர் ஒப்பாரியால் இதனை என்றும் செய்து வருகின்றனர். அவ்வழி ஆடவர்க்கு அடைபட்டதே குறை.

நம் மாணாக்கருட் பலர் நாளை அத்தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளராவர். அவர்களுக்கு என் வேண்டுகோள் இது: தொழிலாளர் விடுதிதோறும் பாடுவதற்கென ஒரு சிற்றறை ஒதுக்குமாறு முயலுங்கள். ஒரு திரையும் ஒரு மைக்கும் போதும். ஜப்பானியப் பாட்டேயன்றி, போஜ்புரியும் ஒடியாவும் தமிழும் அங்கே ஒலிக்கட்டும். நம் கலாசாலை விடுதியும் இதிலே முந்திக்கொள்ளுமாயின் நன்று. தாயை இழந்த மாணாக்கன் ஒருவன் நெஞ்சுரமுடையவன் என்று பிறர் புகழக் கேட்டு உறக்கமின்றிக் கிடத்தலினும், அவ்வறையில் ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தி அழுதல் மேலன்றோ?