டாக்டர் வரும்வரை காத்திருக்க முடியுமா?

மனநலம் டாக்டர்களின் வேலை. பத்தாவது படித்த மகளிர் குழுப் பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அதில் தலையிட்டால் கெடுதல்தான் மிஞ்சும் என்று பலரும் சொல்கிறார்கள். அக்கறையோடு சொல்வதால் இதை எளிதில் ஒதுக்க முடியவில்லை. அரைகுறைப் பயிற்சியோடு ஆறுதல் சொல்லப் போய் ஓர் உயிர் போனால் யார் பொறுப்பு என்பது நியாயமான கேள்வி. ஆனால், சும்மா இருந்தால் டாக்டர் வந்துவிடுவார் என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. நிமான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. தருமபுரி மாவட்டத்தில் அரூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருப்பவருக்குத் தேர்ச்சி பெற்றவரா, பெறாதவரா என்று தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. யாராவது ஒருவரா, ஒருவருமே இல்லையா என்பதுதான் அங்குள்ள நிலை.

அதிலும் தருமபுரியில் நின்றுகொண்டு இப்படிச் சொல்வது விந்தை. தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தொடங்கியதே இந்த மாவட்டத்தில்தான். சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே உள்ள சிட்லிங்கியில் 1993இல் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் மருத்துவப் பணியைத் தொடங்கியபோது, ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. பின்னாளில் அந்த எண்ணிக்கை இருபதை ஒட்டி இறங்கியது. இரண்டு டாக்டர்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. மலையாளிப் பழங்குடி இளம்பெண்களுக்குச் செவிலியர் பயிற்சி தந்தார்கள். ஒவ்வொரு குக்கிராமத்திலும் மூத்த பெண்களை நலப்பணியாளர் ஆக்கினார்கள். தவறு நேர்ந்தால் இரண்டு உயிர் போகும் பிரசவத்தை இந்தப் பெண்களிடம் நம்பி ஒப்படைத்த ஊரில், தூங்காத பெண்ணிடம் பேசும் பொறுப்பை மட்டும் ஒப்படைக்கக்கூடாது என்பது எந்தக் கணக்கில் சேரும்?

உடம்பு வேறு, மனசு வேறு என்பார்கள். சரி, மனநோய் ஆய்வுகளையே பார்ப்போம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, மனநலத்தில் முன் பயிற்சி ஏதும் இல்லாத உள்ளூர்க்காரர்கள் பயிற்சி பெற்று ஆலோசனை தந்தார்கள். ஒருவருக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள். விட்டுப்போன அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்க வைப்பதுதான் முறை. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் இவர்களிடம் பேசியவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டார்கள். வழக்கமான கவனிப்பில் 39 சதவீதம். பெண்கள் கணவனிடம் அடிபடுவதும் குறைந்திருந்தது. மனச்சிதைவு போன்ற கடும் நோயில் பலன் இத்தனை பளிச்சென்று இல்லை. தமிழ்நாடும் சேர்ந்த, 2014இல் வெளியான ஆய்வில், வீடு தேடிச் சென்ற பணியாளர்களால் ஓரளவு கூடுதல் முன்னேற்றமே கிடைத்தது. அங்கு மாத்திரையும் மனநல டாக்டரும் இல்லாமல் முடியாது. ஆக, எந்த வேலைக்கு யார் என்று பிரித்துக்கொள்ள வேண்டுமே தவிர, ஒரேயடியாகக் கதவைச் சாத்த இந்த ஆய்வுகளில் காரணம் இல்லை.

எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு: ஊருக்குள் ரகசியம் தங்காது. மாமியாரைப் பற்றி மருமகள் சொல்வதைக் கேட்பவள் அந்த மாமியாருக்கே சித்தி முறையாக இருப்பாள். இதை மழுப்பக்கூடாது. பக்கத்து ஊர்ப் பெண்ணை அனுப்பலாம். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணும் உண்டு. ஆனால் போன் கணவன் கையில் இருக்கும் வீட்டில் அந்த எண்ணால் என்ன பயன்? ரத்த அழுத்தம் பார்க்க வாசலில் உட்கார்ந்தவள், கருவியைச் சுருட்டிக்கொண்டே “ராத்திரி தூக்கம் வருதா அக்கா, சோறு இறங்குதா?” என்று கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் மகளிர் குழுப் பெண்கள் ஏற்கெனவே வாசல் வாசலாகப் போகிறார்கள். இளைஞர்கள் தேவைப்படுவதும் இப்படி இயல்பாகவே விஷயம் காதுக்கு வருவதால்தான். பதினாறு வயதில் பள்ளிக்கு வராமல் நின்றுபோனவளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்பது ஆசிரியருக்கு முன்பே தோழிக்குத் தெரியும்.

வறுமையையும் கடனையும் குடியையும் விட்டுவிட்டு மனசைப் பேசுவது திசைதிருப்பல் என்பவர்கள் பாதி சரி. கந்துவட்டிக்குக் கவுன்சலிங் மருந்தல்ல. ஆனால் குழுக்கடன், டாஸ்மாக் எதிர்ப்பு மனு, தூங்காத அண்டைவீட்டுக்காரி எல்லாமே ஒரே குழுக் கூட்டத்தில்தான் பேச்சுக்கு வருகின்றன. எந்த மருத்துவமனையிலும் அப்படி வருவதில்லை. பட்டம் வேண்டாத வேலையும் உண்டு: சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்து 2013இல் ஆய்வாக வெளியிட்டது. அதை நடத்தத் தேவைப்படுவது ஊர் ஒத்துழைப்பு, பட்டம் அல்ல.

பெண்கள் தலையில் இன்னொரு கூலியில்லா வேலையைக் கட்டுகிறோம் என்ற குறைக்கு மட்டும் என்னிடம் மறுப்பு இல்லை. சேவை என்ற பெயரில் ஓசியில் வாங்கக்கூடாது. முறையான சம்பளம், மாதாமாதம் நேரில் வந்து வழிகாட்டும் மனநல டாக்டர், உயிராபத்து என்று தெரிந்தால் அன்றைக்கே அனுப்ப வண்டி – மாவட்ட மனநலத் திட்டம் இந்த மூன்றையும் எழுத்தில் தந்த பிறகுதான் குழுப் பெண்களிடம் கையெழுத்துக் கேட்க வேண்டும்.