வயல்நீர்ச் சிறுமீனும் அதன் பெயரும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வட்டைகளில் நீர் நிற்குங் காலத்தில், வாய்க்காலிலும் வரம்போரத்திலும் சிறுமீன்கள் கூட்டமாய்த் திரிவதைக் கமக்காரர் அறிவர். அவற்றுள் பக்கவாட்டில் நெடுகக் கரும்பட்டை ஓடும் மீனும் ஒன்று. கறிக்குதவாத பொடிமீன் என அதனை ஒதுக்குவோர் பலர்.

இம்மீன் இறாசுபோரா என்னுஞ் சாதியைச் சேர்ந்தது. ஹமில்டன் என்பார் கங்கை மீன்களைப் பற்றி 1822 இல் வெளியிட்ட நூலில் விவரித்த தனிக்கோனியசு என்னும் இனமே இலங்கையிலும் உள்ளதென நெடுங்காலம் கருதப்பட்டது. 2010 இல் ரொஹான் பெத்தியாகொட உள்ளிட்ட இலங்கை ஆராய்ச்சியாளர் மூவர் செதில்களை எண்ணியும் உடலளவுகளை ஒப்பிட்டும் ஆராய்ந்தனர். இந்நாட்டிற் பரந்து காணப்படுவது 1844 இல் வலன்சியென் பெயரிட்ட தண்டியா என்னும் வேறோரினமே என நிறுவினர். அதுவரை பெயர் பெறாதிருந்த இரண்டு இனங்களையும் அறிவித்தனர்.

இதனாற் கமக்காரருக்கு யாது பயன் என வினவலாம். அறக்கொட்டியான் எனப்படும் கபிலநிறத் தத்தியும் அதனை உண்ணுஞ் சிலந்தியும் கண்ணுக்குச் சிற்றுயிர்களே. அவற்றைப் பிரித்தறியாது மருந்தடிப்பவர் நண்பனைக் கொன்று பகைவனைப் பெருக்குகின்றார். மீனுக்கும் இஃது ஒக்கும். எங்கும் பரந்த இனம் ஓரிடத்தில் அழியின் அயலிலிருந்து மீளக்கூடும்; ஓர் ஆற்றுக்கே உரிய இனம் அழியின் உலகிலேயே இல்லாதொழியும். யாவும் பொடிமீன் என்பார்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

நெல்லை இழந்து மீனைக் காப்பதா என்பது நியாயமான வினாவே. மருந்தை முற்றாகக் கைவிடல் வேண்டுமென்பதன்று. ஆயினும் பைரித்திராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சாகும். ஆதலின் பயிரைப் பார்த்து, பூச்சி சேதம் விளைக்கும் அளவை எட்டிய பின்னரே மருந்தடித்தல் வேண்டும். மருந்து விழுந்த வயலின் நீரை உடனே வாய்க்காலுக்கு வெட்டிவிடலாகாது. மரக்கறி செய்வோர் தெளிகருவியைக் குளத்திலோ கிணற்றடியிலோ கழுவலாகாது. வடிந்தோடும் நீர் ஈற்றில் வாவியைச் சேர்கின்றது. அங்கு வலை வீசுவோரும் நம் அயலவரே.

இச்சிறுமீன் நுளம்பின் குடம்பிகளை உண்பது. கூலி கேளாத காவலாள் எனலாம். அது செத்து மிதக்கும் வாய்க்காலிலேயே மாடு நீரருந்துவதையும் பிள்ளைகள் குளிப்பதையும் கமக்காரர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.