தோட்டத்து டாக்டரும் இணையத்து டாக்டரும்



அக்காலத்தில் சிரம்பான் வட்டாரத் தோட்டங்களில் மருந்து கொடுத்துக் கட்டுப்போட்ட டிரெஸரை 'டாக்டர்' என்று மரியாதையாக அழைத்தவர் பலர். அவர் மருத்துவர் அல்லர் என்பதை லயத்தில் அனைவரும் அறிவர். ஆகவே அச்சொல்லால் எவரும் ஏமாறவில்லை.

இணையத்தில் நிலை வேறு. அங்கே ஒருவர் தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொள்கிறார். படிப்பவருக்கோ அவர் யாரென்று தெரியாது. யூடியூப் பார்த்துக் கற்று, பல் மருத்துவர் போல் பல்லுக்குக் கம்பி பொருத்தி வந்த ஒருவருக்கு 2017-இல் மலாக்கா நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. பதிவு பெறாதவர் தம்மைக் 'கவுன்சலர்' என்று கூறிக்கொள்வதையும் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைக்குமுன், பெற்றோர் அவருடைய பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

இந்த அளவுகோல் ஆசிரியர்களாகிய நமக்கும் பொருந்தும். தற்காலிக ஆசிரியரென்றால் அவ்வாறே எழுதுவோம், அதில் இழிவேதுமில்லை. முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருப்பவர், படித்து முடிக்கும்வரை 'முனைவர்' என்று போடாதிருப்பதே முறை. நம்மைப் பற்றி நாம் எழுதும் குறிப்பை நம் மாணவர்களும் படிக்கிறார்கள்.