4096 வாட் அனுமதி

சில மதர்போர்டுகளில் புது ப்ராசசரைப் பொருத்திவிட்டு முதல் தடவை பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரைக்குள் நுழைந்தால், எந்த வகைக் கூலர் மாட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். ப்ராசசரோடு பெட்டியில் வந்த சின்னக் கூலரா, கோபுரம் போல் நிற்கும் காற்றுக் கூலரா, வாட்டர் கூலரா? பத்தாயிரம், பதினைந்தாயிரம் கொடுத்து லிக்விட் கூலர் வாங்கியவர் மூன்றாவதைத்தான் அழுத்துவார். கேட்ட கேள்விக்கு அதுதானே உண்மையான பதில். அந்த ஒரு அழுத்தலில் ப்ராசசர் இழுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்சவரம்பு 4096 வாட் ஆகிவிடுகிறது. ஒன்றரை டன் ஏசி இரண்டைச் சேர்த்து ஓட்டினாலும் அவ்வளவு இழுக்காது. எந்த ப்ராசசரும் அந்த எண்ணை எட்டப் போவதில்லை. வரம்பே கிடையாது என்பதைத்தான் அது வேறு விதமாகச் சொல்கிறது. அடுத்த வாரம் வீடியோ ரெண்டர் செய்யும்போது வெப்பம் 100 டிகிரியைத் தொடும். வாங்கியவர் கூலரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு நடப்பார். இப்படித் திரும்பி வரும் கூலர்களில் பலவற்றின் மேல் குற்றமே இல்லை. குற்றம் அந்த அனுமதியில் இருக்கிறது என்பதே என் வாதம்.

லிக்விட் கூலர் என்றதும் உள்ளே ஏதோ ஃபிரிட்ஜ் ஓடுவதாக ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. அதில் இருப்பது ஒரு பம்ப், இரண்டு குழாய், ஒரு ரேடியேட்டர், சில ஃபேன்கள். காரின் முன்பக்கத்தில் இருக்கும் அதே ஏற்பாடு. ப்ராசசரின் சூட்டைத் தண்ணீர் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவைக்கிறது, அங்கிருந்து அறைக் காற்று வாங்கிக்கொள்கிறது. அறை 36 டிகிரியில் இருந்தால் தண்ணீர் அதற்குக் கீழே போகவே முடியாது. குளிர்நாட்டில் 21 டிகிரி அறையில் சோதித்து ப்ராசசரின் வெப்பம் 78 என்று எழுதியதை, சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத மாடி அறையில் எதிர்பார்த்தால் 93 வரும். இது கணக்கு, கோளாறு அல்ல. இன்னொரு பக்கம், சூடு பிறக்கும் இடம் மிகச் சிறியது. இன்டெல்லின் கோர் ஐ9 14900கே ப்ராசசருக்கு அந்த நிறுவனமே குறித்த உச்சம் 253 வாட். அத்தனையும் ஏறக்குறைய கட்டைவிரல் நகம் அளவுள்ள சிலிக்கானிலிருந்து வெளியேற வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டியின் அடித்தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தாறு வாட்தான் தேறும். இங்கே அது நூறு வாட்டை நெருங்குகிறது. அந்த நகத்திலிருந்து அதன் மேல் உட்காரும் கூலரின் தகட்டுக்கு ஏறுவதற்குள்ளேயே சூடு திணறும்போது, 240 மில்லிமீட்டர் ரேடியேட்டரை 360 ஆக மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது.

கூலர் ஒருபோதும் தப்பு செய்யாது என்று சொல்ல வரவில்லை. செய்யும், ஆனால் அதற்கு அடையாளம் உண்டு. வேலை கொடுத்த ஓரிரு நொடியில் வெப்பம் 100க்குத் தாவினால் ரேடியேட்டரைச் சந்தேகிக்க வேண்டாம், தண்ணீர் சூடாகவே நேரம் போதவில்லையே. தகடு சரியாக உட்காரவில்லை, இடையில் பூசும் சூடு கடத்தும் பேஸ்ட் போதவில்லை, தகட்டின் அடியில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தாயிற்று, இல்லையென்றால் வாட் அளவு மீறிப் போகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறினால் ரேடியேட்டரில் தூசி, ஃபேன் பலவீனம், காற்றுப் புகாத கேபினெட் என்று தேடலாம். ப்ராசசர் கொதிக்கும்போது ரேடியேட்டரில் கைவைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருக்கிறதா? பம்ப் ஓடவில்லை, அல்லது பம்பின் வயரை ஃபேனுக்கான இணைப்பில் செருகி அது அரைவேகத்தில் சுற்றுகிறது. சலசலவென்று சத்தம் கேட்டால் ரேடியேட்டரைவிட பம்ப் உயரத்தில் இருந்து அதற்குள் காற்று சேர்ந்திருக்கலாம். இவ்வளவையும் பார்க்க ஒரு கையும் ஒரு கடிகாரமும் போதும். ஆனால் இதில் எதுவும் பிடிபடாமல், நொடியில் 100க்குத் தாவி அங்கேயே நிற்கும் கம்ப்யூட்டர்கள் ஏராளம். அங்கேதான் வாட்டைப் பார்க்க வேண்டும். வெப்பநிலையைக் காட்டும் அதே மென்பொருளில், இரண்டு வரி தள்ளி, அந்த எண்ணும் இருக்கும். யாரும் பார்ப்பதில்லை.

வாட்டைக் குறைத்தால் வேகம் போய்விடாதா என்பது நியாயமான கேள்வி. பதிலை, ப்ராசசரைத் தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் 13900கே ப்ராசசரை அறிமுகப்படுத்தியபோது, கோர்கள் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலையில் அது 65 வாட்டிலேயே, முந்தைய 12900கே 241 வாட்டில் தந்த திறனைத் தரும் என்று இன்டெல் மேடையில் காட்டியது. விளம்பரம் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் அடிப்படை மாறாது. கடைசிச் சில சதவீத வேகத்துக்காக வோல்டேஜை ஏற்றும்போது மின்சாரம் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஏறுகிறது. அந்தச் சில சதவீதம் ஒப்பீட்டுப் பட்டியலில் ஒரு படி மேலே நிற்க உதவும். கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கு ஒரு மணி நேர ரெண்டரில் சில நிமிடங்கள் மிச்சம், அவ்வளவே.

காசு கொடுத்து வாங்கியதை ஏன் அடக்கி ஓட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் 2024இல் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் விளையாட்டின் நடுவே காரணம் தெரியாமல் நின்றுபோயின. அளவுக்கு மீறிய வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்தால் கோருக்குள் ஒரு மின்சுற்று முதுமையடைந்துவிடுகிறது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. தன் வழிகாட்டலை மீறிய மதர்போர்டு மின் அமைப்புகளையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. ப்ராசசரின் உள்கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடைத் திருத்தி வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே கெட்ட ப்ராசசரை மைக்ரோகோடு சரிசெய்யாது. வாங்கியது முழு வேகம் மட்டுமல்ல, ஐந்தாறு வருட உழைப்பும்தான்.

இதற்கு எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு: ஏஎம்டி தன் ரைசன் 7000 வரிசை 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது, அதில் பயமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. ஒத்துக்கொள்ளலாம்; 95 என்ற எண்ணைப் பார்த்துப் பதறி நல்ல கூலரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அதே நிறுவனம் வாட்டைக் குறைத்து ஓட்டும் ஈகோ மோடு என்ற அமைப்பையும் சேர்த்தே கொடுத்தது. ப்ராசசர் பத்திரமாக இருக்கிறது என்பதால் அறைக்கு வரும் சூடு குறைவதில்லை. 253 வாட்டில் ஓடுவதை 125ஆக்கி, நாளுக்கு எட்டு மணி நேரம் முழு வேலை கொடுத்தால் மிச்சம் ஒரு யூனிட். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி இழுக்கும் மின்சாரம் தனிக்கணக்கு. எடிட்டிங் ஸ்டூடியோக்களில் இப்படி நாலைந்து பெட்டிகள் ஒரே அறையில் ஓடுகின்றன.

பயாஸுக்குள் போய் வரம்பை மாற்றுவது எல்லோராலும் முடியாதே என்றால், அதனால்தான் நான் வாங்கியவரைக் கேட்கவில்லை, மதர்போர்டு தயாரிப்பாளரைக் கேட்கிறேன். 2024க்குப் பிறகு இன்டெல்லின் சொந்த வரம்பே புது பயாஸ்களில் முதல் தேர்வாக வரத் தொடங்கியது நல்ல திருப்பம். அதற்கு முன் விற்றவை பழைய அமைப்பிலேயே எத்தனையோ மேஜைகளுக்கு அடியில் கொதித்துக்கொண்டிருக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுப்பவர் பயாஸைப் புதுப்பித்து இந்த வரம்பை வைக்க ஐந்து நிமிடம் ஆகும். முதல் திரையில் வரும் கேள்வியும் மாறலாம். எந்தக் கூலர் என்று கேட்பதற்குப் பதில் எத்தனை வாட் என்று கேட்டு, 125, 253, வரம்பில்லை என்று மூன்றையும் எழுதிக் காட்டட்டும். மூன்றாவதை அழுத்துகிறவர் தெரிந்தே அழுத்துவார்.