வானத்திற்கும் இருப்புக் கணக்கு வேண்டும்

சங்கத்தின் பேரேடு எத்துணை ஒழுங்காக இருப்பினும், கிடங்கைத் திறந்து நூல் சிப்பங்களை எண்ணிப் பாராமல் நாம் தணிக்கையை முடிப்பதில்லை. காற்றில் சேரும் கரியமிலவாயுவுக்கும் இம்முறையே தேவை என்பது நம் கருத்து.

அவ்வாயு எழும் வகையை அரியலூர் அங்கத்தினர்கள் எளிதில் உணர்வர். பண்டைக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லே இங்குள்ள சிமெண்டு ஆலைகளின் மூலப்பொருள். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவை முற்றச் சுட்டால் 44 கிலோ கரியமிலவாயு வெளிப்படும். எரிபொருளின் புகை இதற்கு மேல். சிமெண்டு வேண்டா என்று நாம் கூறவில்லை. கணக்கு வேண்டும் என்றே கூறுகிறோம்.

1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளவெடுப்புத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் இவ்வாயு ஏறக்குறைய 315 பங்கு இருந்தது. 2024-இன் சராசரி 424-ஐத் தாண்டிற்று. மலைமேல் வைத்த கருவி தன்னிடம் வரும் காற்றையே அளக்கும். 2009-இல் ஜப்பான் ஏவிய இபுக்கி, 2014-இல் அமெரிக்கா ஏவிய ஓசிஓ-2 ஆகிய செயற்கைக் கோள்களோ உலகைச் சுற்றி வந்து அளப்பவை. தரையிற் பட்டு மேலெழும் சூரிய ஒளியில் சில கதிர்களை இவ்வாயு உறிஞ்சிவிடும். அக்குறைவைக் கொண்டு வாயுவின் அளவு கணிக்கப்படுகிறது. மேகம் மறைத்தால் அளக்க இயலாது. ஆகவே தரைக் கருவிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தலும் இன்றியமையாதது.

இதனால் நமக்கென்ன என்று சிலர் வினவலாம். 2015-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் தன் வெளியீட்டைத் தானே கணக்கிட்டுத் தருகிறது. எழுதியவர் கணக்கைப் பிறர் சரிபார்ப்பதன்றோ தணிக்கை? பெரம்பலூரில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் விதைப்போர் இவ்வாயுவை மிகுதியாகச் சேர்த்தவரல்லர். பருவம் பிறழ்ந்தால் முதலில் நட்டப்படுவோர் அவர்களே. நியாயம் கேட்பவருக்குச் சரியான எடையே முதற் சான்று.

அத்தராசு யார் கையில் உள்ளது என்பதே கேள்வி. 2025-இல் அமெரிக்க அரசு முன்வைத்த வரவு செலவுத் திட்டம் ஓசிஓ-2-க்கு நிதியை நிறுத்தக் கருதியது. ஒருவர் வீட்டுத் தராசை நம்பி ஊரார் அனைவரும் வாணிகம் நடத்துதல் தகுமா? தராசு பொதுவாதல் வேண்டும். பல நாடுகள் பங்கு சேர்த்து அதனைக் காக்க வேண்டும். நம் நாடும் தன் பங்கைச் செலுத்த வேண்டும். அரியலூரில் ஒரு தரை அளவை நிலையமும், ஆலைதோறும் ஆண்டுக் கணக்கு வெளியீடும் அமைதல் நலம். சிறுதுளியையும் கணக்கில் வைக்கும் கூட்டுறவாளர்களாகிய நாம் இதனைக் கேட்கத் தயங்கலாகாது.