பனங்கொட்டை புதைத்தால் போதுமா?

சென்ற கோடை விடுமுறையில் முத்தூர்ச் சாலையோரம் நுங்கு வாங்கப் போன நாங்கள் வெறுங்கையோடு திரும்பினோம். ஆண்டுதோறும் நுங்கு சீவித் தரும் பெரியவர் இருந்தார், மரங்கள்தாம் இல்லை. வரப்பில் வரிசையாக நின்ற பனைகளைச் செங்கல் சூளைக்கு விறகாக விற்றுவிட்டார்களாம்.

பனை நமது மாநில மரம். கம்போடியாவின் தேசிய மரமும் அதுவே. இலங்கையில் 1978-லேயே பனை அபிவிருத்திச் சபை ஏற்படுத்தினார்கள். நம் தமிழக அரசும் 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்றும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது.

நாங்களும் குட்டைக் கரையில் பனங்கொட்டை புதைத்தோம், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம்! ஒரு மாதம் கழித்துப் போனால் ஒன்றையும் காணோம். பொறுமையில்லாத ஒருத்தி தோண்டியே பார்த்துவிட்டாள். பனை முதலில் பூமிக்குள் இறங்கிக் கிழங்கு விடும், பிறகுதான் ஓலை காட்டும் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. கிழங்கை அவித்துத் தின்னத் தெரிந்த எங்களுக்கு இது தெரியவில்லை! பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். அதுவரை ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. நுங்கு காய்ப்பதோ பெண்பனை மட்டுமே. எங்களுக்கு முப்பது வயதாகும்போது கிடைக்கப்போகும் நுங்குக்காக விழா எடுக்கிறோம். இன்று காய்க்கும் மரம் லாரியில் போகிறது. தோழியரே, நிற்கிற மரத்தைக் காப்பதே முதல் வேலை என்பது எங்கள் கருத்து.

தோட்டக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஏற ஆளில்லாத மரத்தால் அவர்களுக்கு என்ன வருமானம்? எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா பனையேறித் தெளுவு இறக்கியவர். அவள் அப்பா அதை விட்டு விசைத்தறிக்குப் போய்விட்டார். இக்கட்டுரைக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "எங்கப்பாவை மறுபடியும் ஏறச் சொல்றீங்களா? உங்க வீட்டுல யாராச்சும் ஏறுவாங்களா?" நாங்கள் வாயடைத்துப் போனோம்.

அவள் கேட்டது சரி. உயிரைப் பணயம் வைத்து ஏறுபவருக்கு நல்ல கூலியும், விழுந்தால் குடும்பத்துக்கு ஆதரவும் வேண்டும். கருப்பட்டியும் நுங்கும் அதற்கேற்ற விலைக்கு விற்க வேண்டும். அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தாமே! முந்தைய கோடையில் அந்தப் பெரியவரிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசியவர்களும் நாங்கள்தாம். குறைத்தும் வாங்கினோம்.