ஆபரேஷனுக்குப் பிறகு யார் பார்ப்பது?

பரளச்சிப் பக்கத்தில், நம் தெரு ஒன்றில் ஓர் அக்கா. கெட்டுப்போன இதய வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்குப் பணம் கட்டவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரமே குடம் தூக்கப் போய்விட்டார். கேட்டோம். "நான் தூக்காம வேற யாரு தூக்குவா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

அறுத்துத் திறந்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டி மூடியிருப்பார்கள். அது கூடிவர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பாரம் தூக்கக்கூடாது. கரிமூட்டத்துக்கு விறகு வெட்டியும் மண் சுமந்தும் பிழைக்கும் வீட்டில் மூன்று மாத ஓய்வு என்றால் மூன்று மாதப் பட்டினி.

எலும்பு கூடினாலும் கவனிப்பு முடிவதில்லை. உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம். கூடினால் உள்ளே ரத்தம் கசியலாம். சரியான அளவைச் சொல்வது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. முதலில் அடிக்கடி, பிறகு மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அந்த அக்கா அதற்கு அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மதுரைக்கு இன்னொரு பஸ் ஏறுகிறார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மதுரை பஸ்ஸில் உண்டு. ஒரு நாள் கூலியும் போகிறது. இரண்டு மாதமாக அவர் போகவில்லை.

இந்த நோய் ஏன் நம் தெருவைத் தேடி வருகிறது? சிறு வயதில் வரும் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு வாதக் காய்ச்சலாகி வால்வைக் கெடுக்கிறது. ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடுகளில் அது எளிதில் பரவும். பணக்கார நாடுகளில் ஏறக்குறைய ஒழிந்துபோன நோய் இது. ஊருக்கு ஒதுக்குப்புறமாக, நெருக்கியடித்து நம்மைக் குடிவைத்ததற்கு நம் பிள்ளைகளின் இதயம் விலை கொடுக்கிறது.

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்ததால்தான் கூலி வீட்டுக்காரர்கள் இதய ஆபரேஷன் மேசைவரை போக முடிந்தது. மறுக்கவில்லை. சில ஆபரேஷன்களுக்குத் தொடர் சிகிச்சையும் அதில் உண்டு. ஆனால் பஸ் கட்டணத்துக்கும் இழந்த கூலிக்கும் காப்பீடு இல்லை.

1996-இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அவசர சிகிச்சை பற்றிய தீர்ப்பு. மாதாமாதம் கிடைக்க வேண்டிய பரிசோதனை கிடைக்காமல் போனாலும் போவது அதே உயிர்தான்.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். பார்க்கும் கருவி இருக்கிறது. அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வையுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள், ஆபரேஷன் ஆனவர் வீட்டிலும் ஏறட்டும். ஊர்த்தெருவோடு திரும்பிவிட வேண்டாம். ஊராட்சி வேலையில் இவர்களுக்குப் பாரமில்லாத வேலை கொடுங்கள்.

படிக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் நெஞ்சில் தழும்போடு ஒருவர் இருந்தால் அவருடைய டிஸ்சார்ஜ் அட்டையை வாங்கி, தமிழில் படித்துச் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். டாக்டரைக் கேட்காமல் கடையில் வலி மாத்திரை வாங்கவிடாதீர்கள். காய்ச்சல், புண்ணில் நீர், கால் வீக்கம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறினாலோ, வாய் கோணி கை விழுந்தாலோ உடனே 108.

அந்த அக்காவை அடுத்த வாரம் மதுரைக்கு அழைத்துப் போகிறோம். அதற்கடுத்த மாதம் அவர் பரளச்சியிலேயே பார்த்துக்கொள்ள வழி செய்ய வேண்டியது அரசு.